கோலில் யாரை நிறுத்துவது?

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை மணலில் பந்தாடும் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. சரியாக ஓட வராதவன், வயதில் சின்னவன், கடைசியாக வந்தவன், இவர்களில் ஒருவனைத்தான் கோலில் நிறுத்துவார்கள். இது எவ்வளவு தவறு என்பதற்கு இந்தியக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்த பீட்டர் தங்கராஜின் ஆட்ட வாழ்க்கையே சாட்சி. 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்த அவர், 1953-இல் ராணுவத்தில் சேர்ந்தார். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் முதலில் அவர் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. கோல் போட்டுப் பழகியவர்தான் பிறகு கோலைக் காக்க வந்தார். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது.

கார்னரிலிருந்து பந்து உயர்ந்து வருகிறது. கோட்டிலேயே நிற்பதா, முன்னேறிப் பிடிப்பதா? கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். பாதி வழியில் தயங்கினால் கோல்தான். எதிராளி எங்கே எம்புவான், எந்தக் காலால் உதைப்பான் என்பது, அந்த இடத்தில் தானே நின்று ஆடியவனுக்குச் சொல்லாமலே புரியும். தங்கராஜ் நெடிய மனிதர், உயரம்தான் அவரைக் காப்பாற்றியது என்பார்கள். உயரப் பந்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் தரையோடு வரும் பந்துக்கு நெடிய உடல் குனிந்து விழ அதிக நேரமாகும்; அங்கே முன்கூட்டிய கணிப்பு ஒன்றே துணை. 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றவர், 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றபோது கோலில் நின்றவர். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளும் அவரை அடுத்தடுத்துச் சேர்த்துக்கொண்டன. உயரத்துக்காக மட்டுமா அத்தனை பேரும் அழைப்பார்கள்? 1967-இல் அர்ஜுனா விருதும் வந்தது.

அது அந்தக் காலம், இன்று சிறு வயதிலேயே கோல்கீப்பர் பயிற்சி தனியாகத் தொடங்கிவிடுகிறது என்று சொல்லலாம். ஆனால் 1992-இல் விதி மாறியதை மறந்துவிடக் கூடாது. அதன்படி, சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தை கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. ஆகவே முன்களத்தில் பழகிய கால் முன்னைவிட இன்றுதான் அதிகம் தேவை. செங்கல்பட்டு வட்டாரப் பயிற்சியாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: கோலுக்கு ஆள் தேடும்போது முன்களத்தில் சூட்டிகையாக ஆடும் பிள்ளையை முதலில் பாருங்கள். மணலில் அச்சமின்றிப் பாயப் பழகுவான். ஆனால் மணலில் பந்து எழும்பாது. வாரத்தில் இரண்டு நாளாவது அவனைக் கட்டாந்தரை மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.