சார்ஜ் ஏற்றும் இடம் யாருக்கு?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மின்சார வாகனத்துக்கும் கொழுந்துக் கூடைக்கும் என்ன சம்பந்தம் என்று வரும் வழியில் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மில் யாரிடம் கார் இருக்கிறது?

ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் வரிசையில் நமது ஓட்டோக்கள் நாட்கணக்கில் நின்றன. பிரசவ வலி வந்த பிள்ளையைக் கொழுந்து லொறியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மலையில் நமக்கு அம்புலன்ஸும் ஓட்டோதான், பஸ்ஸும் ஓட்டோதான்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. மின்சார வாகனங்களும் வருகின்றன. அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையம் அமைக்க அரசு செலவழிக்க வேண்டும் என்கிறார்கள். செலவழிக்கட்டும். எங்கே, யாருக்கு என்பதுதான் நமது கேள்வி.

அமெரிக்கா 2021இல் இதற்கென 500 கோடி டொலர் ஒதுக்கியது. நெடுஞ்சாலையில் 50 மைலுக்கு ஒரு நிலையம் என்பது 2025 வரை அங்கே விதியாக இருந்தது. தூரம் போகும் கார்க்காரருக்கு அது சரி. இந்தியா 2024இல் கொண்டுவந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கு 2,000 கோடி இந்திய ரூபா. கார்களுக்கு 22,100 சார்ஜர். இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400. காகிதத்துக் கணக்குத்தான். ஆனால் காகிதத்திலேயே ஓட்டோ இல்லாவிட்டால் நிலத்தில் எப்படி வரும்?

ஓட்டோவுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஏழு, எட்டு யூனிட் கரண்ட் போதும்; சாதாரண பிளக்கில் இரவோடிரவாக ஏறிவிடும். எந்தப் பிளக்கில் என்பதுதான் சிக்கல். லயத்து வயரிங் இரண்டு பல்புக்கும் ஒரு டிவிக்கும் போட்டது. ஜன்னல் வழியே வயர் இழுத்து வண்டிக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? லயம் தீப்பிடிப்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதனால் நாம் கேட்பது இதுதான்: சந்தி ஸ்டாண்டில் ஒரு கூரை, தனி மீற்றர், ஆறு பிளக். அதைப் பிரதேச சபை போட்டுத் தரவேண்டும். தோட்டம் கம்பனியின் பொறுப்பு, சபைக் காசைப் போட முடியாது என்பார்கள். பழைய பல்லவி. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. தோட்டத்துக்குள்ளும் சபை செலவழிக்கலாம்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் மனு கொடுக்கிறோம். ஓட்டோ ஓட்டும் தம்பிமார் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், பெற்றோலுக்கு எவ்வளவு போகிறது என்று எழுதி இன்றைக்கே தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.