கெம்பெ கவுடர் படமும் கோட்டை வாசலும்

(ஓசூர்க் கூட்டத்தில் பேசியது)



அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற நீங்கள், கெம்பெ கவுடருடைய வர்ணப்படத்தைக் கடைகளிலும் காரியாலயங்களிலும் நித்தியம் பார்த்திருப்பீர்கள். தலைப்பாகை, முறுக்கு மீசை, இடுப்பிலே கத்தி. 1537-ல் மண்கோட்டை கட்டிப் பெங்களூரை உண்டாக்கினவர் என்று அதற்கு மாலை போடுகிறார்கள். ஊர் கட்டினவரைப் பாராட்டுவதில் நமக்கு யாதொரு ஆக்ஷேபணையுமில்லை. குளம் வெட்டுவித்தார், அரிசிக்கும் பஞ்சுக்கும் வளையலுக்கும் தனித்தனிப் பேட்டை வகுத்தார். ஆனால் அந்தக் குளத்திலே மண் சுமந்தவனும், பானை வனைந்த குயவனும், செக்காட்டினவனும் படத்தில் எங்கே? ஊர் கட்டினது கத்தியா, மண்வெட்டியா?

அது கிடக்கட்டும். அவருடைய பெருமையாகச் சொல்லப்படும் கதையையே எடுத்துக்கொள்ளுவோம். நல்ல முகூர்த்தம் பார்த்து நாலு திக்கிலும் ஏர் ஓட்டி ஊருக்கு எல்லை வகுத்தார்களாம். பிறகு கோட்டை வாசல் கட்டக் கட்ட இடிந்து விழுந்ததாம். கர்ப்பிணி ஒருத்தியைப் பலி கொடுத்தால்தான் நிற்குமென்றார்களாம். மருமகள் லட்சுமி இரவோடிரவாகப் போய்த் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாளாம். கோரமங்கலாவிலே அவளுக்கென்று சமாதியும் இருக்கிறது.

தோழர்களே! முகூர்த்தம் நல்லதென்றால் வாசல் ஏன் இடிந்தது? முகூர்த்தம் பொய்யென்றால் அதைக் குறித்துக் கொடுத்தவனை ஒருவரும் ஏன் கேட்கவில்லை? சுவர் இடிந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பான், கொத்தனைக் கூப்பிட்டு விசாரிப்பான் புத்தியுள்ளவன். பிள்ளைத்தாய்ச்சியின் தலைக்கும் மண் சுவருக்கும் என்ன சம்பந்தம்? அதிலும் இந்தக் கதையில் ஓர் ஆண்பிள்ளையின் தலையை அந்த வாசல் கேட்கவேயில்லை, பார்த்தீர்களா! கதை நடந்திருக்கலாம், நடவாமலுமிருக்கலாம். அதைத் தியாகமென்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதென்னமோ நடந்துகொண்டுதானிருக்கிறது.

பலி கொடுத்த கோட்டையாவது நின்றதா? மண் போதாதென்று ஹைதர் கல்லால் கட்டினார். அதையும் 1791 மார்ச்சில் காரன்வாலீஸ் சேனை பிடித்தது; அவ்வாண்டிலேயே நம் ஓசூர்க் கோட்டையும் போயிற்று. பீரங்கிக்கு லட்சுமி கதை தெரியாது போலும்!

2022 நவம்பர் 11-ல் பெங்களூர் விமான நிலையத்தில் அவருக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். உயரம் 108 அடியாம். 107 ஆகாதா, 110 ஆகாதா? அதற்காக ஊர் ஊராய்ப் போய்ப் 'புனித மண்' வேறு வாரி வந்தார்கள். வானத்தில் பறக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்திலே ஜெபமாலைக் கணக்கு!

ஆகையால் அந்தப் படத்தை வீட்டில் மாட்டுகிறவர்கள் பக்கத்திலே லட்சுமியின் படத்தையும் மாட்டுங்கள். "இவள் ஏன் செத்தாள்?" என்று குழந்தை கேட்டால், தியாகமென்று சொல்லாமல், சாஸ்திரம் கேட்டுச் செத்தாள் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.