கடல் தாண்டினால் கெடுவது எது?

தோழர்களே, படிக்கக் கப்பலேறிய இருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1888 செப்டம்பர் 4 அன்று காந்தி பம்பாயில் கப்பலேறினார். கடல் கடந்தால் சாதி கெடும் என்று அவருடைய மோத் பனியா சாதியார் முன்பே அவரை விலக்கிவிட்டார்கள். வழியனுப்பப் போகிறவருக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம்! கப்பலில் அவர் பொதுமேசைக்குப் போகவில்லை. எதில் இறைச்சி இருக்குமோ என்ற பயம், ஆங்கிலம் பேசக் கூச்சம். கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே சாப்பிட்டார்.

1913இல் அம்பேத்கர் பரோடா அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொட விடாத சாதி, கெட்டால் அவருக்கு என்ன நட்டம்? அயல்நாட்டில் வாழ்ந்த ஐந்தாண்டுகளில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே மறந்துபோனது என்று பின்னாளில் எழுதினார். 1916இல் கொலம்பியாவில் அவர் படித்த ஆய்வுரை சாதியைப் பற்றியதுதான்.

2022இல் ஒன்றிய அரசு, பட்டியல் சாதி மாணவர்களுக்கான அயல்நாட்டு உதவித்தொகையிலிருந்து இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளை விலக்கியது. அன்றைய அம்பேத்கர் இந்த விதியின்கீழ் விண்ணப்பித்திருந்தால்?

அன்று ‘கடலைத் தாண்டாதே’ என்றார்கள். இன்று ‘தாண்டு, சாதியை ஆராயாதே’ என்கிறார்கள். இரண்டும் ஒரே தடைதான் தோழர்களே. இரண்டையும் உடைப்போம். ஜெய்பீம்!