யன்னலுக்கு அரைத்திரை போடுவோம்



1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த நம்மட சனங்கள் ஏராளம். குளிருக்காக லயத்து யன்னலைச் சாத்தி, தடிப்புத் துணி தொங்கவிட்ட பழக்கமும் கூடவே வந்திட்டுது. ஸ்கந்தபுரத்து வெக்கைக்கு அது சரிவராது.

குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மறைவு வேணும், காற்றும் வேணும். அதற்கு அரைத்திரைதான் வழி. பழைய பருத்திச் சேலையை, யன்னல் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு எடுத்து, கீழ்ப்பாதிக்கு மட்டும் கட்டுவோம். மேல்பாதியால் வெக்கையும் புகையும் வெளியேறும். மேற்கு யன்னலுக்கு மட்டும் பின்னேரம் முழுத்திரை இழுப்போம்.

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும்; ஆகவே யன்னலுக்கு வலையும் அடிப்போம். குப்பி விளக்கைத் திரைக்குக் கிட்ட வைக்க வேண்டாம். யன்னலைப் பூட்டிவிட்டு இருமல் மருந்து தேடாமல், முதலில் யன்னலைத் திறப்போம்.