வழி சிறுத்தால் ஊர் திணறும்



ஊரைப் பெருக்குவோர் பலர். அவ்வூருக்கேற்ற வழியைப் பெருக்குவோர் சிலர். ஆயக்கட்டு விரியும் என்றறிந்தும் மடையைச் சிறிதாக வைத்தால், பின்னர்க் கரையை அறுத்தே மடையை அகற்ற வேண்டும். இலண்டனின் கீழைத் துறைமுகப் பகுதி இதற்குத் தக்க சான்று.

சரக்குப் பெட்டகங்களைச் சுமக்கும் பெருங்கலங்கள் நுழையமாட்டாமையால், தேம்சு ஆற்றின் அப்பழந்துறைகள் 1981க்குள் மூடப்பட்டன. பாழ்பட்ட அந்நிலத்தை மீண்டும் ஊராக்க, அரசு அவ்வாண்டே ஒரு வளர்ச்சிக் கழகம் அமைத்தது. 1987இல் ஆங்கே எளியதொரு தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. செலவு 7 கோடியே 70 இலக்கம் பவுண்டு. வண்டிகள் பதினொன்றே, ஒவ்வொன்றும் தனித்தே ஓடிற்று. மேடைகளும் ஒற்றை வண்டிக்கே அளந்து கட்டப்பட்டன. அன்றைய கூட்டத்திற்கு அது போதுமானதே.

ஆனால் 1991இல் கேனரி வார்ஃபில் 50 மாடிக் கட்டடம் எழுந்தது. பல்லாயிரவர் நாள்தோறும் வந்து குவியும் இடமாயிற்று அது. வண்டிகள் இரட்டிக்கப்பட்டன, புதுமை மாறாத மேடைகள் நீட்டப்பட்டன. அதுவும் போதாமல், 2010 முதல் மூன்று வண்டிகள் பிணைந்து ஓடலாயின. சவுத்து கீ நிலையமோ இருபுறமும் வளைவுகளுக்கிடையே சிக்கியிருந்தது. நீட்ட வழியின்றி, 2009இல் அதனை வேறிடத்தில் புதிதாகக் கட்டினர். நிலத்தடியிலுள்ள கட்டிசார்க்கு நிலையத்தை நீட்டப் பெருஞ்செலவாகும் என்று விட்டுவிட்டனர். அங்கு வண்டியின் முனைக் கதவுகள் திறவா. இறங்குவோர் உள்ளேயே நெருக்கியடித்து நடுக்கதவுக்கு நகர வேண்டும்.

1999இல் சூபிலி நிலத்தடிப் பாதையும், 2022இல் எலிசபெத்துப் பாதையும் வந்து சுமையைப் பகிர்ந்தன. சூபிலிப் பாதைக்கெனத் துறைநீரை இறைத்துத் தோண்டிய கேனரி வார்ஃபு நிலையம், வருங்காலக் கூட்டத்தை எண்ணியே அகலமாக அமைக்கப்பட்டது. முன்னர்ப் பட்ட பாடு அவர்களுக்கு அறிவு புகட்டிற்று.

முதற்பாதையைப் பழிப்பது முறையன்று. அஃதின்றேல் அப்பாழ்நிலத்தில் ஊரே எழுந்திராது. சிறிதாகத் தொடங்கியதும் பிழையன்று. பின்னர் நீட்டுவதற்கு இடம் விடாததே பிழை. அப்பிழையின் விலையைச் செலுத்தியவர், அடுக்குமாடி எழுப்பிய செல்வர் அல்லர். நாள்தோறும் கம்பியைப் பற்றி நின்று சென்ற உழைப்பாளரே.

எனவே, எவ்வூரிலேனும் புதுக்குடியிருப்பு, புதுத்தொழிற்களம் என்று அறிவிக்கப்படின், மக்கள் இரண்டு வினா எழுப்புக: கட்டடம் நிறைந்த நாளில் வருவோர் எத்துணையர்? அவரைச் சுமக்கும் வண்டிக்கு மேடை நீள இடம் உண்டா? விடை கிடைத்த பின்னரே கடைக்கால் தோண்டுக!