இலையுதிர் காலப் பூங்காவில்



34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பிறருக்குப் பாடம் சொன்னவன் நான். ஓய்வு பெற்ற பின்னர், 2023ஆம் ஆண்டில், என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்திற்குச் சென்றேன். அங்கே ஒரு சிற்றூரின் பொதுப் பூங்காவில், ஒன்பது வயதுப் பேர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது மீண்டும் மாணவன் ஆனேன். அங்கு நான் கற்ற பாடத்தையும், அதை முன்பே கல்லாததனால் நேர்ந்த ஓர் இழப்பையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அத்தகைய ஊரை அந்நாட்டார் டவுன்ஷிப் என்பர். நம் ஊராட்சியைப் போன்றதோர் அமைப்பு அது. ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் சிலர் அதன் ஆட்சியை நடத்துகின்றனர். சாலையைச் செப்பனிடுவது எவ்வாறு அவர்கள் கடமையோ, அவ்வாறே பூங்காவைப் பேணுவதும் அவர்கள் கடமை. பூங்கா என்றவுடன் கத்தரித்த புல்தரையையும் நீரூற்றையும் மட்டும் நினைத்துவிட வேண்டா. ஒரு புறம் விளையாட்டுத் திடல். மறு புறம் ஓடையும் புல்வெளியும் சிறு காடும். பருவந்தோறும் அங்கு நடைபெறும் நிகழ்ச்சிகளை ஒரு சிறு ஏடாக அச்சிட்டு வழங்குகின்றனர்.

இலையுதிர் காலத்து ஏட்டை என் பேர்த்தி எனக்குப் படித்துக் காட்டினாள். முதியோர்க்குக் காலை நடை. சிறுவர்க்குப் பூசணிக்காயில் முகம் செதுக்கும் போட்டி. வைக்கோல் பரப்பிய வண்டியில் சவாரி. தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து கதை கேட்டல். வண்ணத்துப்பூச்சிக்கு அடையாளம் ஒட்டுதல். இலை காணும் நடை. ஆந்தை தேடும் இரவு நடை. வல்லூறு காண மலைப் பயணம். இவற்றுள் எது விளையாட்டு, எது பாடம் என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. பிரிக்க வேண்டியதில்லை என்பதே பின்னர் நான் கண்ட உண்மை.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஐப்பசி கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என்றனர். அங்கோ பருவங்கள் நான்கு. செப்டம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பர் வரை இலையுதிர் காலம். பூங்காவின் ஏட்டில் மட்டும் அது செப்டம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. பென்சில்வேனியாவிலோ, ஜூன் மாதத்தில் 15 மணி நேரம் நீளும் பகல், டிசம்பரில் 9 மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட அளவாகக் குறுகிவிடுகிறது. இவ்வாறு பகல் குறுகுவதே குளிர் வரப்போகிறது என்று மரத்திற்கும் பறவைக்கும் பூச்சிக்கும் வரும் ஓலை. மரம் இலையை உதிர்க்க முனைகிறது. பறவை தெற்கு நோக்கிப் புறப்படுகிறது.

முதலில் நாங்கள் சென்றது வண்ணத்துப்பூச்சி நிகழ்ச்சிக்கு. அப்பூங்காவில் இயற்கை வழிகாட்டியாகப் பணியாற்றும் இளம் பெண்மணி ஒருவர் சிறுவர்கள் கையில் மெல்லிய வலைகளைத் தந்தார். செம்மஞ்சள் நிறமும் கருங்கோடுகளும் உடைய மோனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சியை அவர்கள் மெதுவாகப் பிடித்தனர். அதன் எடை அரை கிராம் அளவே. பின்சிறகில், எண் பொறித்த மிகச் சிறிய வட்டத் தாள் ஒன்றை ஒட்டி, நாளையும் இடத்தையும், அது ஆணா பெண்ணா என்பதையும் குறித்துக்கொண்டு பறக்கவிட்டனர். அது செல்லும் இடம் மெக்சிகோ நாட்டின் மலைக்காடு. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலிருந்தும் கனடாவிலிருந்தும் 4,000 கிலோமீட்டருக்கும் மேலாகப் பறந்து செல்பவை அவற்றுள் உண்டு. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் அக்காட்டை உலக விஞ்ஞானிகள் அறிந்துகொண்டது 1975ஆம் ஆண்டில்தான். அதற்கு வழி காட்டியவை, இத்தகைய தாள்களைப் பல ஆண்டுகள் பொறுமையாக ஒட்டிவந்த எண்ணற்ற தொண்டர்களின் கைகளே. சிறுவர்களும் அத்தொண்டில் இன்று பங்கு கொள்கின்றனர்.

அக்டோபர் நடுவில் இலை காணும் நடை. மேப்பிள் மரம் ஒன்றின் அடியில் நின்ற என் பேர்த்தி, "தாத்தா, ஒரே மரம் ஏன் இந்தப் பக்கம் சிவப்பாகவும் அந்தப் பக்கம் மஞ்சளாகவும் இருக்கிறது?" என்று கேட்டாள். ஆசிரியன் அல்லவா? உடனே விடை சொல்லத் தொடங்கினேன். இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை அதனுள் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறப்பொருள் வெளிப்படுகிறது என்றேன். மஞ்சளுக்கு அது சரியான விடையே. சிவப்புக்கோ என்னிடம் விடை இல்லை. அருகில் நின்ற வழிகாட்டி புன்னகை செய்து, "ஐயா, வெயில் எந்தப் பக்கம் படுகிறது என்று பார்ப்போமா?" என்றார்.

பார்த்தோம். வெயில் படும் பக்கமே சிவந்திருந்தது. பின்னர் அவர் ஒரு சிவந்த இலையைக் காட்டினார். அதன் நடுவில், மற்றோர் இலையின் வடிவம் மஞ்சள் நிழலாகப் பதிந்திருந்தது. மேலே ஓர் இலை படிந்து வெயிலை மறைத்த இடம் அது. சிவப்பு நிறம் ஆந்தோசயனின் என்னும் பொருளால் வருவது. அது மஞ்சளைப் போல முன்பே உள்ளே இருப்பதன்று. அந்நாட்களில் இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து, வெயிலின் துணைகொண்டு, புதிதாக உண்டாவது. வெயில் மிக்க பகலும் குளிர்ந்த இரவும் தொடர்ந்தால் சிவப்பு மிகும். இதை எந்தக் கரும்பலகையும் அந்த ஒற்றை இலை அளவுக்குத் தெளிவாக விளக்கியிராது.

எனக்கு நாணம் உண்டாயிற்று. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, புரோபல் என்னும் ஜெர்மானியக் கல்வியாளரைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். கிண்டர்கார்டன் என்று அவர் இட்ட பெயருக்குக் குழந்தைகளின் தோட்டம் என்பது பொருள் என்று அழகாக எழுதியிருந்தேன். ஆனால் 34 ஆண்டுகளில் ஒரு வகுப்பையாவது ஒரு மரத்தடிக்கு அழைத்துச் சென்று, "பாருங்கள்" என்று சொன்னதில்லை.

ஆந்தை நடை ஓர் இரவில். கைவிளக்கு கூடாது என்றனர். இருளுக்குக் கண் நன்கு பழக அரை மணி நேரம் வேண்டும். நாங்கள் இருபது பேரும் வாய் திறவாமல் நடந்தோம். வழிகாட்டி இடையிடையே நின்று ஆந்தையின் குரலை ஒலித்துக் காத்திருந்தார். விடை வரவில்லை. ஒன்றரை மணி நேரம் நடந்தும் ஓர் ஆந்தையையும் காணவில்லை, கேட்கவும் இல்லை. என் பேர்த்தியின் முகம் வாடியது. வழிகாட்டியோ, தம் ஏட்டை எடுத்து நாளும் நேரமும் காற்றின் நிலையும் எழுதி, ஆந்தை என்பதற்கு எதிரே 0 என்று குறித்தார். "ஒன்றும் இல்லாத நாளை ஏன் எழுதுகிறீர்கள்?" என்று சிறுமி கேட்டாள். "தேடினோம், இல்லை என்பதும் ஒரு செய்திதான். எழுதாவிட்டால், இல்லையா அல்லது தேடவே இல்லையா என்பது பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

இந்தச் சொல்லின் முழுப் பொருளும், அதற்கு முன்னரே நாங்கள் சென்றுவந்த மலைப் பயணத்தை நினைத்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. செப்டம்பர் நடுவில், பூங்காவினர் எங்களை ஹாக் மவுண்டன் என்னும் மலைக்கு அழைத்துச் சென்றிருந்தனர். வல்லூறு மலை என்பது அப்பெயரின் பொருள். இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான வல்லூறுகளும் கழுகுகளும் அம்மலைத் தொடரை ஒட்டித் தெற்கே பறக்கின்றன. ஒரு காலத்தில் மக்கள் அம்மலை உச்சியில் நின்று, விளையாட்டாக அவற்றைச் சுட்டுக் குவித்தனர். 1934ஆம் ஆண்டில் ரோசலி எட்ஜ் என்னும் அம்மையார் அம்மலையைக் குத்தகைக்குப் பெற்றார். மாரிஸ் புரூன் என்பவரைக் காவலராக அமர்த்தினார். துப்பாக்கி ஒலித்த பாறையின்மீது அமர்ந்து புரூன் பறவைகளை எண்ணத் தொடங்கினார். ஆண்டுதோறும் எண்ணினார், எழுதினார்.

அந்த எண்ணிக்கையால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் தேசியச் சின்னமாகிய வெண்தலைக் கழுகின் குஞ்சு, முதலாண்டில் உடல் முழுதும் கருமையாக இருக்கும். ஆகவே எளிதில் இனங்காணலாம். 1935 முதல் 1939 வரை அங்கே காணப்பட்ட அக்கழுகுகளில் நூற்றுக்கு 40 அத்தகைய இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை அது நூற்றுக்கு 20 ஆகக் குறைந்தது. கழுகுகள் இருந்தன; குஞ்சுகள்தாம் இல்லை. ரேச்சல் கார்சன் அம்மையார், பூச்சிமருந்துகளின் தீமையை உலகிற்கு உணர்த்திய 'மௌன வசந்தம்' என்னும் நூலை 1962இல் வெளியிட்டபோது, இந்த எண்களைச் சான்றாகக் காட்டினார். டி.டி.டி. என்னும் மருந்து மீனின் வழியே கழுகின் உடலில் சேர்ந்து, முட்டையின் ஓட்டை மெலியச் செய்கிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. 1972இல் அமெரிக்க அரசு அம்மருந்தின் பயன்பாட்டிற்குத் தடை விதித்தது. 1963ஆம் ஆண்டில், அலாஸ்கா நீங்கலாக, அந்நாட்டில் 500க்கும் குறைவான இணைகளே கூடு கட்டின. 2007இல், அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து அக்கழுகு நீக்கப்பட்டபோது, அந்த இணைகள் ஏறத்தாழ 10,000 ஆகப் பெருகியிருந்தன. பாறைமேல் அமர்ந்து ஒருவர் எழுதிவைத்த ஏடு, ஓர் இனம் பிழைக்க வகை செய்த சான்றுகளுள் ஒன்றாயிற்று.

மாணவச் செல்வங்களே, அந்தப் பாறையில் நின்றபோது எனக்கு வேறொரு குறிப்பேடு நினைவுக்கு வந்தது.

1996ஆம் ஆண்டில், செங்கற்பட்டு வட்டாரத்தில் ஓர் ஏரிக்கரையை அடுத்த பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் ஏதோ எழுதுவதைக் கண்டு, அதைப் பிடுங்கிப் பார்த்தேன். நாள்வாரியாக எழுதியிருந்தான். நத்தைகுத்தி நாரை 14, நீர்க்காகம் 31, அரிவாள் மூக்கன் 6. சன்னல் வழியே தெரிந்த ஏரியில் வந்திறங்கிய பறவைகளின் கணக்கு அது. மூன்று ஆண்டுக் கணக்கு. "கணக்கு நோட்டில் கணக்கை எழுது" என்று சொல்லி, அந்தப் பக்கங்களைக் கிழித்தெறிந்தேன். வகுப்பு சிரித்தது. எனக்கும் அது நல்லதொரு நகைச்சுவையாகவே தோன்றியது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பும் திட்டம் வந்தது. அப்போது நான் அப்பள்ளியின் தலைமையாசிரியன். ஊரார் மனு எழுதினோம்; பறவைகள் வந்து தங்கும் ஏரி இது என்றோம். மனுவைப் படித்த அலுவலர், "எந்தப் பறவை, எத்தனை, எந்த ஆண்டில்? ஏதேனும் பதிவு உண்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களிடம் விடை இல்லை. கூட்டத்தில் அந்த மாணவனும் நின்றிருந்தான். வளர்ந்து, மளிகைக்கடை வைத்திருந்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். ஏரியில் பாதி போயிற்று.

அந்தப் பக்கங்கள் இருந்திருந்தால் ஏரி பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விக்கு ஒரு விடையாவது இருந்திருக்கும்.

நமக்கு மேப்பிள் இல்லை; இலை சிவக்கும் காடும் இல்லை. ஆனால் நமக்குக் கூதிர் உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிறையும் காலம் அது. வேடந்தாங்கலுக்குக் கூழைக்கடாக்களும் நாரைகளும் வந்து சேரும் காலம். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்து, தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்துவந்தவர்கள் அவ்வூரார். உங்கள் ஊர்ப் பூங்காவிலும் குளக்கரையிலும் அதே மழை பெய்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரே இடம், ஒரு குறிப்பேடு. நாள், நேரம், வானிலை, பெயர், எண்ணிக்கை, இவ்வளவே வேண்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதுங்கள். ஒன்றும் வராவிட்டால் 0 என்று எழுதுங்கள். ஆசிரியர் அழைத்துச் செல்லட்டும் என்று காத்திராதீர்கள். அழைத்துச் செல்லாத ஆசிரியன் ஒருவனின் கதையைத்தான் இதுவரை கேட்டீர்கள்.

2024ஆம் ஆண்டு ஐப்பசி முதல், எஞ்சிய ஏரியின் கரையில், ஞாயிறுதோறும் சில மாணவரோடு நான் அமர்கிறேன். முதல் நாள் எழுதியது, நத்தைகுத்தி நாரை 0, கொக்கு 5. மூன்றாம் வாரம் அந்த மளிகைக்கடைக்காரர் கரைக்கு வந்தார். என் குறிப்பேட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பின்பு மெல்லிய குரலில், "ஐயா, அந்த ஐந்தில் இரண்டு கொக்கு அல்ல, மடையான். அதோ, முதுகு பழுப்பாக இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். அவர் சொன்னது சரி. அடித்துத் திருத்திக்கொண்டேன்.