சுவரில் யாருடைய முகம்?

(வைத்திக்குப்பத்தில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுத்தறிவித்து வரும் ஒரு கழகத்தின் விழாவில், தெருச்சுவர் ஓவியத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். கரும்பலகையைக் காணப் பள்ளிக்குள் நுழைய வேண்டும். தெருச்சுவரையோ பள்ளி வாசலை மிதியாதவரும் நாள்தோறும் படிக்கின்றார். ஆகவே, அச்சுவரில் எவர் எழுதுகிறார், எவரை எழுதுகிறார் என்பதும் கல்வியைச் சேர்ந்த கேள்வியே ஆகும்.

நம் புதுவை, வாய்க்காலால் மக்களைப் பிரித்த நகரம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பட்டணம். மேற்கே கறுப்பர் பட்டணம். மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்காக இவ்வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றன. அன்று நாடே இக்கரையைக் காண்கிறது. மற்ற நாள்களில் சுற்றுலா வருவோர் கிழக்குத் தெருக்களின் மஞ்சள் சுவர்களைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். உழைக்கும் மக்களின் தெருச்சுவர்களில், நம் பிள்ளைகள் கண்டு நிமிரத்தக்கதாக என்ன இருக்கிறது?

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1967-ஆம் ஆண்டு கறுப்பின ஓவியர்கள் இதே கேள்வியைக் கேட்டனர். தம் மக்கள் வாழும் ஏழ்மைப் பகுதியில், சிதைந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தின் சுவரில், முகம்மது அலி, மால்கம் எக்ஸ், அறிஞர் துபாய்ஸ் முதலிய தம்மினப் பெருமக்களைத் தீட்டினர். ‘மதிப்புச் சுவர்’ என்பது அதன் பெயர். ஐந்தாண்டுகள்கூட அது நிலைக்கவில்லை. தீப்பற்றிய அக்கட்டடம் இடித்துத் தள்ளப்பட்டது. ஆயினும் அதனைக் கண்ட பல நகரத்து மக்கள் தத்தம் சுவர்களில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினர். சுவர் வீழ்ந்தது, எண்ணம் வீழவில்லை.

இனி, நம் அண்டையில் உள்ள சென்னைக்கு வருவோம். துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர், 2000-ஆம் ஆண்டில் தோன்றிய மறுகுடியமர்வுக் குடியிருப்பு. ஆற்றங்கரைகளிலிருந்தும், பின்னர்ச் சுனாமி தாக்கிய கடற்கரையிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட மக்கள் அங்கே குவிக்கப்பட்டனர். அவர்களுள் நம் மக்கள் ஏராளம். முகவரியைச் சொன்னதும் வேலை மறுக்கப்படுகிறது என்பது அவர்களின் நெடுநாள் குறை. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சென்னை மாநகராட்சியும் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் கைகோத்து, அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் மாபெரும் ஓவியங்களை வரையச் செய்தன. ஒதுங்கிச் சென்றவர்களும் அவ்வூரைக் காண வந்தனர். இது நன்மையே, இதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் சாயம் பூசியதால் குடிநீர்க் குழாயில் நீர் வந்துவிடாது. சுவர் அழகானதால், அச்சுவருக்குள் மக்களைக் கொண்டுவந்து தள்ளிய அநீதி மறைந்துவிடாது. 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கம் வென்றார். அந்த ஊரின் பெயரை நாடெங்கும் தலைநிமிரச் செய்தது அவருடைய உழைப்பு. சுவரில் ஏற வேண்டியவை இத்தகைய முகங்களே.

தூரிகையும் நம் கைக்கு வர வேண்டும். பீகார் மாநிலத்து மதுபனி ஓவியம் வீட்டுச் சுவர்களில் பிறந்த கலை. 1960-களின் பஞ்சத்தின்போது, பெண்கள் பிழைப்பதற்காக அது காகிதத்துக்கு மாற்றப்பட்டது. துசாத் என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள், தம் உடலில் குத்திய பச்சைக் கோலங்களையும் தம் குலவீரர் ராஜா சல்ஹேஷின் கதையையும் வரைந்து, தமக்கென ஒரு பாணியையே படைத்தனர். அம்மாவட்டத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த துலாரி தேவி, பள்ளிப் படிப்பில்லாதவர். ஓர் ஓவியரின் வீட்டில் வேலை செய்துகொண்டே கலையைக் கற்றார். 2021-இல் அவருக்குப் பத்மஶ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இளைஞர்களே! உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: வரைவதற்கு முன் வீட்டுக்குரியவரிடமும் தெருவாரிடமும் கலந்து பேசுங்கள். எழுத்து மூலம் இசைவு பெறுங்கள். மக்களைக் கேளாமல் வரையும் ஓவியமும் ஒருவகை ஆக்கிரமிப்பே.

இரண்டு: தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். கடற்காற்றில் சுவர் உப்புப் பூக்கும். அதனைச் சுரண்டிக் கழுவி, நன்கு உலரவிட்டு, அடிப்பூச்சு கொடுத்த பின்னரே வண்ணம் நிற்கும். பிளெக்ஸ் பலகை வந்தபின் வேலையிழந்த சுவரெழுத்துக் கலைஞர்களே உங்களுக்கு ஆசான்கள். அவர்களுக்குக் கூலியும் கொடுங்கள். ஓவியத்தின் அடியில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள்.

மூன்று: அண்ணல் அம்பேத்கரின் படத்தை வரைந்ததோடு நின்றுவிடாதீர்கள். அருகிலேயே நம் தெருவில் முதன்முதல் பள்ளியிறுதி தேறிய பெண்ணையும், குப்பை அள்ளி மகனைக் கல்லூரிக்கு அனுப்பிய தாயையும் அவர்கள் இசைவுடன் வரையுங்கள். அண்ணல் யாருக்காகப் படித்தார் என்பது அப்போதுதான் நம் பிள்ளைகளுக்கு விளங்கும்.

வண்ணம் சில மழைக்காலங்களில் மங்கிவிடும். மீண்டும் பூசுவதற்கு ஒரு தலைமுறை கற்றிருக்குமாயின், அதுவே இக்கழகத்தின் வெற்றி எனக் கூறி அமைகின்றோம்.